நான்கு சக்கரமும் இழுக்கும் மின்சாரக் கார்: டயர்களை எப்போது, எப்படி இடம் மாற்றுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார் கொண்ட மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். 11,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எங்கள் பகுதி டயர் கடையில், "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நாலு டயரும் ஒரே மாதிரிதான் தேயும், மாற்றிப் போட வேண்டாம்" என்கிறார்கள். அலுவலக நண்பரோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றச் சொல்கிறார். எதை நம்புவது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: திருவொற்றியூரிலிருந்து டயரைப் பற்றிக் கேள்வி வருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கி, 1952-இல் தேய்ந்த டயர்களுக்கு மறுபட்டை ஒட்டும் ரப்பர் தயாரிப்பில் இறங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் உங்கள் ஊரில் பிறந்ததுதான்.

கடைக்காரர் சொல்வது சரியல்ல. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் என்பதற்கு நான்குக்கும் எப்போதும் சமமாகப் போகும் என்று பொருளில்லை. இவ்வகை மின்சாரக் கார்கள் பலவற்றில் அன்றாட ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பின் மோட்டாரே சுமக்கிறது; அழுத்தி மிதிக்கும்போதோ சக்கரம் வழுக்கும்போதோதான் முன் மோட்டார் முழுமையாகத் துணைக்கு வருகிறது. கியா இவி6 காரில், தேவைப்படாத நேரத்தில் முன் மோட்டாரைச் சக்கரங்களிலிருந்து விடுவித்து வைக்கும் அமைப்பே இருக்கிறது. ஆகவே அத்தகைய வண்டிகளில் பின் டயர்களின் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் பள்ளமும் மேடுமான மேற்பரப்பு, முந்தித் தேய்வது இயல்பு. முன் டயர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கிச் சாயும் எடையைத் தாங்குவதும் அவைதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் நின்று நின்று ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும் வண்டியில், முன் டயர்களின் வெளி ஓரம் தேய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதற்கு மேல், காரின் தளத்துக்கு அடியில் பேட்டரியைச் சுமப்பதால் இவ்வகைக் கார்களின் எடை இரண்டு டன்னை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். மோட்டாரின் முழு முறுக்கு விசையும் நின்ற நிலையிலிருந்தே கிடைத்துவிடும். காலை எடுத்தவுடன் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மீட்கும் பிரேக்கும் டயரின் பிடிமானத்தை நம்பியே வேலை செய்கிறது. இந்தச் சுமைகள் எல்லாம் சேர்ந்துதான் பட்டனைத் தின்கின்றன.

எப்போது மாற்றுவது என்பதற்கு உங்கள் வண்டியின் கையேடே முதல் சான்று. பொதுவாக 8,000 முதல் 12,000 கி.மீ. வரை சொல்லப்படும். டெஸ்லா நிறுவனம் தன் கையேட்டில் 10,000 கி.மீ. ஓடியதும் அல்லது டயர்களுக்கிடையே பட்டன் ஆழம் 1.5 மி.மீ. வித்தியாசப்பட்டதும், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, மாற்றச் சொல்கிறது. வேறு நிறுவன வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்த இரண்டாவது அளவுகோலை நான் வலியுறுத்துவேன், ஏனெனில் கிலோமீட்டர் கணக்கு சாலையை அறியாது. கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் நாள்தோறும் நின்று நின்று போகும் வண்டியும், வாரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியும் ஒரே தூரத்தில் ஒரே அளவு தேய்வதில்லை.

பட்டன் ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். உங்கள் நண்பரின் ஐயாயிரம் அளப்பதற்குப் பொருத்தமான இடைவெளி. ஒவ்வொரு முறையும் மாற்றியே ஆக வேண்டியதில்லை. உதாரணமாக முன் டயர்களில் 6.5 மி.மீ.யும் பின் டயர்களில் 5.3 மி.மீ.யும் இருந்தால், வித்தியாசம் 1.2 மி.மீ. ஆகி 1.5-ஐ நெருங்கிவிட்டது, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். 11,000 ஓடிவிட்ட உங்கள் வண்டியை இந்த வாரமே அளந்து பார்ப்பது நல்லது.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், பின் டயர் இரண்டும், தேய்மான எல்லையைக் காட்டப் பட்டன் பள்ளத்தில் வைத்திருக்கும் 1.6 மி.மீ. அடையாளக் கட்டையைத் தொடும்போது முன் டயர்களில் இன்னும் உயிர் மீதமிருக்கும். இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபடும். ஒரே இன்ஜினிலிருந்து தண்டு வழியாக நான்கு சக்கரங்களையும் ஓட்டும் பெட்ரோல், டீசல் வண்டிகளில் இந்த வேறுபாடு இடைப்பட்ட கிளட்சையோ கியர் அமைப்பையோ சூடேற்றிக் கெடுக்கும். இரண்டு மோட்டார் மின்சார வண்டியில் முன்னையும் பின்னையும் இணைக்கும் தண்டு இல்லாததால் அந்த ஆபத்து இல்லை; ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வழுக்கல் கட்டுப்பாடும் நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே முடிவெடுக்கின்றன. வெவ்வேறு அளவுகளில் சுழலும் சக்கரங்கள் அந்தக் கணக்கைக் குழப்பக்கூடும்.

மாற்றும் முறை இதுதான். நான்கும் ஒரே அளவாக இருந்தால், பின் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னுக்கு வர வேண்டும். முன் டயர்கள் குறுக்காக, வலது இடதாகவும் இடது வலதாகவும், பின்னுக்குப் போக வேண்டும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டுமே. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மட்டும் குறிக்கப்பட்ட டயர்களைக் குறுக்கே மாற்றலாம். முன் டயரைவிடப் பின் டயர் அகலமான வண்டிகளில் முன், பின் மாற்றம் சாத்தியமே இல்லை. அளவு குறைந்த தற்காலிக ஸ்டெப்னியை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: இந்த வேலையைத் தெருமுனை டயர் கடையில் செய்யலாமா, கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தெருமுனைக் கடையிலேயே செய்யலாம், ஆனால் ஜாக்கி வைக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். வண்டியின் நடு அடிப்பகுதி முழுவதும் பேட்டரிப் பெட்டிதான். அதன்மேல் ஜாக்கியோ லிஃப்ட்டின் கையோ அழுத்தினால் ஏற்படும் சேதத்துக்கு ஆகும் செலவு, நான்கு புது டயர் விலையைவிடப் பல மடங்கு. முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் கையேடு காட்டும் தூக்கு இடங்களில் மட்டும், ரப்பர் கட்டை வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுவதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் சக்கரம், அது பொருந்தி உட்காரும் மையப் பகுதியான ஹப்போடு துருவால் ஒட்டிக்கொள்கிறது. கழற்றியதும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை நீக்க வேண்டும். துருவின் மேல் உட்காரும் சக்கரம் கொஞ்ச நாளில் நட்டைத் தளர்த்திவிடும். போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவ விடாதீர்கள். நட்டுகளைக் கையால் பிடிக்க வைத்து, எதிரெதிராக வரும் வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். ஏர் கன்னால் இறுக்கியதில் என் வண்டியில் ஒருமுறை போல்ட்டே முறிந்துபோனது. அதன்பின் டார்க் ரெஞ்ச் இல்லாத கடைக்கு நான் போவதில்லை. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயர்களை மாற்றியபின் திரையில் காற்றழுத்தம் தவறான சக்கரத்துக்குக் காட்டுகிறது. பழுதா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: பழுதில்லை. ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் உள்ள சென்சார் டயரோடு இடம் மாறிவிட்டது. வண்டிக்கு அது இன்னும் தெரியவில்லை. சில வண்டிகள் சிறிது தூரம் ஓடியதும் தாமாகப் புரிந்துகொள்ளும், சிலவற்றில் திரையின் அமைப்புகளிலோ சர்வீஸ் கருவியாலோ மறுபடி பதிய வேண்டும். இதைவிட முக்கியமானது, முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அழுத்தம் சொல்லப்பட்டிருந்தால், இடம் மாறிய டயர்களில் காற்றையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய அட்டையைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள்.

கேள்வி: என் முன் டயர்களின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. பின்னுக்குப் போட்டால் சரியாகுமா?
– வாசகர், இராயபுரம்

பதில்: ஆகாது. அது வீல் அலைன்மென்ட் கோளாறு. கோளாறை வைத்துக்கொண்டு டயரை இடம் மாற்றினால், முன்னுக்கு வரும் நல்ல டயர்களின் உள் ஓரமும் அதே போலப் போய்விடும். உள் ஓரம் மொட்டையான அந்த இரண்டையும் மழைக்காலம் வரை காத்திருக்காமல் உடனே கழற்றிவிடுங்கள். அலைன்மென்ட் செய்து புது ஜோடி போட்டபின், அன்றைய தேதியிலிருந்து அளவுகளை மறுபடி குறிக்கத் தொடங்குங்கள்.