‘ஹரிதாஸ்’ ஓடியது எதனால்?

கேள்வி: ‘ஹரிதாஸ்’ 3 தீபாவளி கண்ட படம் என்று ஆளாளுக்குப் பெருமை பேசுகிறீர்கள். படம் வந்த கையோடு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்தது, படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் உள்ளே போனார். அந்த அனுதாபம்தானே படத்தை ஓட்டியது? அது இல்லையென்றால் அவர் குரல். மற்றபடி அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாகவதர் வாழ்ந்த ஊரிலிருந்தே இப்படி ஒரு கேள்வியா! சரி, முதலில் தேதிகளைப் பார்த்துவிடுவோம். ‘ஹரிதாஸ்’ வெளியானது 1944 அக்டோபர் 16, தீபாவளியன்று. சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் குத்துப்பட்டது நவம்பர் 8. பாகவதர் கைதானது டிசம்பர் கடைசியில். அதற்குள் படம் 2 மாதத்தைத் தாண்டியாயிற்று. அந்த 2 மாதமும் டிக்கெட் வாங்கிய கூட்டம் யார் மேல் அனுதாபப்பட்டு வாங்கியதாம்?

அடுத்த 2 தீபாவளிக்கும் அவர் சிறையில்தான் இருந்தார். அதே படத்தில் சிரிக்க வைத்த என்.எஸ்.கிருஷ்ணனும் அங்கேதான். சென்னை பிராட்வே தியேட்டரில் மட்டும் படம் ஓடிக்கொண்டே இருந்தது. ‘திரையிலாவது பார்த்துவிட்டு வருவோம்’ என்று போனவர்களும் இருந்திருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அனுதாபத்துக்கு அவ்வளவு வலு இருந்திருந்தால் அது பொங்கியிருக்க வேண்டியது எப்போது? வழக்கு அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் நிரபராதி என்று அவர் வெளியே வந்தபோது அல்லவா? மறு வருஷமே சொந்தமாக ‘ராஜமுக்தி’ எடுத்தார். பானுமதி, வி.என்.ஜானகி, எம்.ஜி.ஆர். எல்லாரும் இருந்தார்கள். வசனம், நம்ப மாட்டீர்கள், சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன். பாடியது அதே பாகவதர். படம் படுத்துவிட்டது. பின்னால் வந்த ‘அமரகவி’, ‘சியாமளா’ எதுவும் பழைய நாளைத் திருப்பித் தரவில்லை. உங்கள் ‘அனுதாபம்’, ‘குரல்’ இரண்டுமே அங்கே அடிபட்டுப் போகின்றன.

குரல் ஒன்றே படத்தை ஓட்டிவிடும் என்று நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட முதலாளிகள் அதற்கு முன்பும் உண்டு. கே.பி.சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்து 1935-இல் ‘நந்தனார்’ எடுத்தார்கள். 1935-இன் லட்சம்! எதிர்பார்த்தபடி போகவில்லை.

‘ஹரிதாஸில்’ அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்கள். முதலில், அளவு இருக்கிறது. உலகப்போர் காலத்தில் ஃபிலிமுக்குப் பஞ்சம். எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் உத்தரவு. ‘ஹரிதாஸ்’ 10,994 அடி. சுமார் 2 மணி நேரம்தான். பாகவதரின் முதல் படமான ‘பவளக்கொடி’யில் 50 பாட்டு, கதை நடுநடுவே தலைகாட்டிவிட்டுப் போகும். இங்கே பாட்டு அதில் பாதிக்கும் கீழே. இருக்கிற அடிக்குள் கதையும் சொல்லியாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். சர்க்கார் போட்ட உத்தரவால் தமிழ் சினிமாவுக்கு விளைந்த நன்மைகளில் இதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

குதிரையேறி ‘வாழ்விலோர் திருநாள்’ என்று பாடிக்கொண்டு வருகிறவன் பணத்திமிர் பிடித்த பிள்ளை. பெற்றவர்களைக் கேவலமாக நடத்துகிறவன். ‘மன்மத லீலையை’யில் அவனே தாசியின் காலடியில் கிடக்கிறான். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கச்சேரி மேடைகளில் அன்று அதிகம் புழங்காத சாருகேசி ராகம். அவர் பாட, டி.ஆர்.ராஜகுமாரி ஆட, நடுவில் பாட்டு நிற்கிறது. அவர் ‘ரம்பா’ என்கிறார், அவள் ‘ஸ்வாமி’ என்கிறாள். பாட்டு திரும்ப எழும்புகிறது. அந்த இரண்டே சொல்லில் ஆள் தொலைந்தான் என்று கொட்டகைக்கே தெரிந்துவிடும். அப்புறம் சொத்துப் போய், கால்கள் போய் அவன் ‘அன்னையும் தந்தையும்’ பாடும்போது அது உபதேசமாக விழுவதில்லை. முன்பாதியில் அவன் செய்ததை நாம்தான் பார்த்திருக்கிறோமே! பக்தர் வேஷத்தில் ஜனங்கள் கும்பிட்ட ஒரு நடிகரைப் பெற்றோரை வதைக்கிறவனாகக் காட்டத் துணிந்ததை நான் படத்தின் பெரிய சாமர்த்தியம் என்பேன்.

இதையெல்லாம் பாகவதரே உட்கார்ந்து செய்யவில்லை. பாட்டும் மெட்டும் பாபநாசம் சிவன், பின்னணி இசைக்கு ஜி.ராமநாதன், வசனம் இளங்கோவன், டைரக்‌ஷன் சுந்தர்ராவ் நட்கர்னி. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். மனைவி வேஷத்துக்குக் கச்சேரி மேடையிலிருந்து என்.சி.வசந்தகோகிலத்தை அழைத்து வந்தார்கள். வீட்டில் ஒரு குரல், வெளியில் ஒரு அழகு என்று ஹரிதாஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்பதைக் காதும் கண்ணுமே சொல்லிவிடுகின்றன.

உங்கள் பக்கம் ஒரு நியாயத்தை நானே எடுத்துத் தருகிறேன். போர்க்காலத்தில் புதுப்படங்கள் குறைவு, பிராட்வேக்காரர் படத்தைத் தூக்கிவிட்டு வேறெதைப் போடுவார்? வாஸ்தவம். ஆனால் அந்தப் பஞ்சம் எல்லாப் படத்துக்கும் பொதுவாகத்தானே இருந்தது? ஒரே கொட்டகையில் 3 தீபாவளி பார்த்தது இது மட்டும்தானே.

படம் இணையத்தில் கிடைக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.