மகளிர் உலகக் கோப்பை கால்பந்து 1991இல்தான் தொடங்கியது என்றால், அதுவரை பெண்கள் கால்பந்தே ஆடவில்லையா?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் கடந்து போக மனம் வரவில்லை. நீங்கள் ஏதோ போட்டித் தேர்வுக்கோ வினாடி வினாவுக்கோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆண்களுக்கு 1930, பெண்களுக்கு 1991 என்று இரண்டு வருஷத்தையும் அடுத்தடுத்துப் பார்த்ததும், நடுவில் அறுபது வருஷம் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றியிருக்கும். நியாயமான சந்தேகம்தான். தேர்வு என்றால் 1991 என்றே எழுதுங்கள், மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில்: ஆடினார்கள். நிறையவே ஆடினார்கள். அவர்களை ஆடவிடாமல் செய்தார்கள்.

நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். 2023இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகக் கோப்பை நடந்தபோது, பள்ளியில் விளையாட்டு பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். உலகக் கோப்பை வரலாற்றைச் சார்ட்டில் எழுதும் பொறுப்பு எங்கள் அணிக்கு வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சார்ட் என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் கோல்கீப்பர் பெண்ணுக்கு நான் 1971ஐக் கொடுத்தேன்.

அவள் அப்படி ஒரு போட்டி நடந்ததைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வருஷம் மெக்சிகோவில் ஆறு நாடுகளின் பெண்கள் அணிகள் ஆடின: மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி. செப்டம்பர் 5ஆம் தேதி இறுதி ஆட்டம், அஸ்டெக்கா மைதானத்தில். அதற்கு முந்தைய வருஷம் பெலேயின் பிரேசில் அணி உலகக் கோப்பையைத் தூக்கியதும் அதே மைதானத்தில்தான். டென்மார்க் 3, மெக்சிகோ 0. மூன்று கோலையும் அடித்தது சூசன் அகஸ்டசன் என்ற 15 வயதுப் பெண். பார்க்க வந்த கூட்டம் சுமார் 1,10,000.

இந்த எண்ணைச் சார்ட்டின் நடுவில் சிவப்பு ஸ்கெட்சில் பெரிதாக எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு வந்து, "மிஸ், ஒரு சைபர் ஜாஸ்தியாப் போட்டுட்டேனா?" என்று கேட்டாள். இல்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறாய் என்றேன். அப்புறம் அந்தச் சார்ட்டை அவள் செதுக்கோ செதுக்கென்று செதுக்கினாள். அந்தப் போட்டியில் கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பு வர்ணம் அடித்திருந்தார்கள் என்று படித்ததும், கம்பங்களையும் அதே நிறத்தில் வரைந்தாள். வலையின் ஒவ்வொரு கண்ணியையும் ஸ்கேல் வைத்துப் போட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை, பொறுப்பில் இருந்த மூத்த ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். 1971 சார்ட்டுக்கு முன்னால் நின்றவர், "டீச்சர், இது ஃபிஃபா லிஸ்ட்லயே கிடையாதே. பார்க்கிற பிள்ளைங்க தப்பாப் படிச்சுடுவாங்க, எடுத்துடுங்க" என்றார். செல்போனில் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் பட்டியலையும் காட்டினார். முதல் வரி 1991.

நான் விடவில்லை. "சார், 1991இல் சீனாவில் நடந்தபோது அதற்கு உலகக் கோப்பை என்ற பெயரையே ஃபிஃபா கொடுக்கவில்லை. ஒரு மிட்டாய் பிராண்டின் பெயரில் ‘கோப்பை’ என்று போட்டு, உலக சாம்பியன்ஷிப் என்றுதான் நடத்தினார்கள். பிறகுதான் உலகக் கோப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டமே 90 நிமிஷம் இல்லை, 80 நிமிஷம்" என்றேன். "அதெல்லாம் ரொம்ப விவரம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சார்ட் இறங்கியது. அந்த இடத்தில் மறுநாள் காலை ஆண்கள் உலகக் கோப்பைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்த மேட்ச் நடக்கலைன்னு அர்த்தமா மிஸ்?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வந்து சண்டை போடுவார்கள். 1971ஐ ஃபிஃபா கணக்கில் சேர்க்க வேண்டும், டென்மார்க்கின் சட்டையில் உலகக் கோப்பை ஜெயித்ததற்கான நட்சத்திரம் குத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை நடத்தியது ஃபிஃபா அல்ல, ஒரு தனி அமைப்பு. பணம் போட்டது ஒரு மதுபானக் கம்பெனி. விளம்பரத்துக்காகத்தான் நடத்தினார்கள் என்பீர்கள். இருக்கட்டும். விளம்பரம் இல்லாமல் எந்த உலகக் கோப்பை இன்று நடக்கிறது? ஆடிய பெண்களும் நிஜம், பார்க்க வந்த கூட்டமும் நிஜம். ‘ஃபிஃபா நடத்தவில்லை’ என்பதும் ‘நடக்கவில்லை’ என்பதும் ஒன்றாகிவிடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

அன்றைக்கு அதை நிறுத்தவும் பார்த்தார்கள். போட்டிக்கு அங்கீகாரம் இல்லை என்றது ஃபிஃபா. மைதானம் கொடுக்கும் கிளப்புகளுக்கு அபராதம் என்றது மெக்சிகோவின் கால்பந்துச் சங்கம். அஸ்டெக்கா தனியார் கையில் இருந்ததால் ஆட்டம் அங்கே நடந்தது. தடுக்கப் போய், நாட்டின் மிகப் பெரிய மைதானத்துக்கே பெண்களை அனுப்பிவைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து போன அணியில் பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள், 13 வயதுச் சிறுமி கூட இருந்தாள். ஊர் திரும்பியதும் அவர்களுக்குச் சில மாதங்கள் ஆடத் தடை. அழைத்துப் போன மேலாளர் ஹாரி பேட்டுக்கு ஆயுள் தடை. லட்சம் பேர் முன்னால் ஆடிவிட்டு வந்த குழந்தைகளுக்குக் கிடைத்த வரவேற்பு இது. பள்ளிப் பிள்ளைகளோடு தினமும் கிரவுண்டில் நிற்கிறவள் நான். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அர்ஜென்டினாக்காரர்கள் பயிற்சியாளர் இல்லாமலேயே மெக்சிகோ போனார்கள். போய், இங்கிலாந்தை 4-1 என்று அடித்தார்கள். நான்கு கோலும் எல்பா செல்வா அடித்தது. அந்த ஆட்டம் நடந்த ஆகஸ்ட் 21ஐத்தான் இன்று அர்ஜென்டினாவில் கால்பந்து வீராங்கனைகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

1971ம் ஆரம்பம் இல்லை. 1970இல் இத்தாலியில் ஒன்று நடந்தது, அதிலும் டென்மார்க்தான் ஜெயித்தது. இன்னும் பின்னால் போனால், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் அணி அணியாகக் கால்பந்து ஆடினார்கள். பிரெஸ்டன் நகரத்தின் டிக் கெர் தொழிற்சாலை அணி 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ஆடியபோது உள்ளே 53,000 பேர், டிக்கெட் கிடைக்காமல் வெளியே ஆயிரக்கணக்கானோர். மறு வருஷம் டிசம்பரிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்று தீர்மானம் போட்டு, தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றது. அந்தத் தடை ஏறத்தாழ 50 வருஷம் நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை அரசாங்கத் தடை. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை சங்கத்தின் தடை. பெண்கள் தாமதமாக வந்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்த வருஷங்களைச் சொல்லுங்கள்.

1971க்கும் 1991க்கும் நடுவில் 20 வருஷம் ஏன் என்று கேட்பீர்கள். பெண்கள் ஆட்டம் மெல்ல மெல்ல அதே சங்கங்களின் கைக்குள் போனது. அவர்களுக்கு அவசரம் இல்லை. 1986இல் மெக்சிகோ நகரத்தில் ஃபிஃபா மாநாடு நடந்தபோது, நார்வே கால்பந்துச் சங்கத்தின் எல்லன் வில்லே மேடையேறி, பெண்களுக்கு உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். அந்த மாநாட்டில் பேசிய முதல் பெண் அவர். பதினைந்து வருஷம் முன்னால் பெண்கள் அஸ்டெக்காவை நிரப்பிய அதே ஊரில், பெண்களுக்கும் ஒரு போட்டி வையுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அப்புறமும் உடனே நடத்திவிடவில்லை. 1988இல் சீனாவில் 12 அணிகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள், நார்வே ஜெயித்தது. அது சரிப்பட்டு வந்த பிறகுதான் 1991. இறுதியில் அமெரிக்கா 2-1 என்று நார்வேயைத் தோற்கடித்தது, இரண்டு கோலும் மிஷல் ஏக்கர்ஸ். 1995 சுவீடன் போட்டியில்தான் ஆட்டம் 90 நிமிஷமானது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எங்கும் கிடைக்கும், நான் எழுத வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணிடம், நடந்தது, நீ எழுதிய எண் அப்படியே சரி என்று சொன்னேன். அந்தச் சார்ட் இப்போது பந்துகள் வைக்கும் அறையின் உள்சுவரில் இருக்கிறது. புதிதாக அணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவள்தான் அதைப் படித்துக் காட்டுகிறாள். ஆசிரியர் கெட்டவர் இல்லை, பட்டியலை நம்புகிறவர். என் கோபம் பட்டியல் போடுகிறவர்கள் மேல்தான்.

பட்டியல் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். ‘சர்வதேசக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவர்’ என்று தேடினால் வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி என்றே போகும். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் 190 கோல் அடித்து 2023இல் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். ஆண், பெண் யாருமே சர்வதேச ஆட்டங்களில் அவ்வளவு அடித்ததில்லை. ரொனால்டோவை எனக்கும் பிடிக்கும், அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆண்கள் பட்டியல் என்றால் தலைப்பிலேயே ஆண்கள் என்று போடட்டும். இந்தத் தளத்திலேயே அப்படி இரண்டு பதில்கள் இருக்கின்றன, திருத்தச் சொல்லிக் கருத்து போட்டிருக்கிறேன், இன்னும் யாரும் திருத்தவில்லை.