விங் ஆட்டக்காரர் எதற்கு?

கேள்வி: ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நடுக்களத்து வீரர்கள் முட்டி மோதிப் பந்தைப் பிடுங்குகிறார்கள். விங் ஆட்டக்காரர்களோ ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பல ஆட்டங்களில் பந்து அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். அந்த இரண்டு இடங்களையும் எடுத்துவிட்டால் ஆட்டத்துக்கு என்ன குறைந்துவிடும்? (வாசகர் ஒருவர், மெல்பர்ன்)

பதில்: நீங்கள் கேட்பதை விக்டோரியாவில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். அங்கிருந்த விஎஃப்ஏ என்ற விக்டோரியக் கால்பந்துச் சங்கம் 1959-இல் அணிக்கு 18 பேர் என்பதை 16 ஆகக் குறைத்தது. அப்போது நீக்கப்பட்ட இரண்டு இடங்கள் விங்தான். களத்தில் நெரிசல் குறைய வேண்டும், ஆட்டம் வேகம் பெற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அது நிறைவேறவும் செய்தது. ஆனால் இதிலிருந்து உங்கள் கட்சிக்கு வலு சேர்வதாக எனக்குத் தோன்றவில்லை. சும்மா ஓடிக்கொண்டிருந்த இருவரை வெளியே அனுப்பியதால் ஒரு ஆட்டத்தின் போக்கே மாறிவிடாது. அவர்கள் போனதும் களம் அவ்வளவு திறந்துகொண்டது என்றால், இருந்தவரை எவ்வளவு பெரிய நிலப்பரப்பை அவர்கள் அடைத்துக் காத்து வந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த ஆட்டத்தின் தலைமைப் போட்டித் தொடரான ஏஎஃப்எல், 2017-இல் தொடங்கிய பெண்கள் போட்டியையும் பாருங்கள். அங்கும் களத்தில் 16 பேர்தான். ஆனால் மையத்தில் ஆட்டம் தொடங்கும்போது முன்னால் ஐவர், பின்னால் ஐவர், நடுவே அறுவர் என்றுதான் நிற்க வேண்டும்; அந்த அறுவரில் நால்வர் மையச் சதுரத்துக்குள், மீதி இருவர் விங்கில். ஆளைக் குறைக்க வேண்டி வந்தபோது முன்களத்தில் ஒன்றும் பின்களத்தில் ஒன்றுமாகக் கைவைத்தார்களே தவிர விங்கைத் தொடவில்லை. ஆண்கள் ஆட்டத்திலோ 2019 முதல் முன்னால் ஆறு, பின்னால் ஆறு, சதுரத்தில் நான்கு, விங்கில் இரண்டு என்று விதியே எழுதிவிட்டார்கள்.

இனி அந்த ஓட்டத்துக்கு வருவோம். எம்சிஜி எனப்படும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் சுமார் 160 மீட்டர் நீளமும் 140 மீட்டர் அகலமும் கொண்டது. ஓர் ஓரத்தில் பந்து சிக்கிக்கொண்டு இரண்டு அணிகளிலும் சேர்த்துப் பதினைந்து பேர் அதைச் சுற்றிக் குவிந்திருக்கும்போது, தொலைக்காட்சி காட்டுவது அந்தக் குவியலை மட்டுமே. எதிர் ஓரத்து விங் ஆட்டக்காரர் திரைக்கு வெளியே எங்கோ நிற்கிறார். நம் பின்கள வீரர் ஒருவர் பந்தை மார்க் பிடித்து (உதைத்து வந்த பந்தைத் தரையில் விழாமல் கையில் பிடித்து)க் குறுக்காகத் திருப்பி உதைக்க நினைத்தால், அந்த உதை போய் விழ வேண்டிய இடத்தில் இவர் இருந்தாக வேண்டும். பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு ஓடத் தொடங்கினால் எதிரணிக்காரர் முந்திவிடுவார். ஆகவே பந்து யாருக்குக் கிடைக்கும் என்று தெரியாத அந்த நான்கைந்து நொடிகளிலேயே, முன்னால் பாய்வதா பின்னால் இறங்குவதா என்று அவர் முடிவெடுக்கிறார். எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டால் அதே மனிதர் திரும்பி, தம் கோலிலிருந்து 50 மீட்டர் தள்ளிக் களத்தில் வரைந்திருக்கும் வளைவு வரைக்கும் ஓடி, எதிரணியின் உயரமான முன்கள வீரருக்கு முன்னால் போய் இடத்தை அடைக்க வேண்டும். அவர் அங்கே நிற்பதைப் பார்த்து உதைப்பவர் வேறு பக்கம் திருப்பினால், அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று பொருள். ஆனால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இப்படி மேலும் கீழுமாக ஓர் ஆட்டத்தில் 13 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது விங்கில் சாதாரணம். 2021 முதல் ஒரு அணி ஆட்டம் முழுவதற்கும் 75 ஆள்மாற்றங்களே செய்யலாம் என்றான பிறகு, களைக்காமல் நீண்ட நேரம் களத்தில் நிற்கக்கூடிய இந்த ஆட்களின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

பந்தைத் தொட்ட எண்ணிக்கையை வைத்து மட்டும் ஆளை அளக்கிற பழக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது; இந்த இடத்தைப் பொறுத்தவரை அது மிகவும் அநியாயமான அளவுகோல். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: முன்னால் ஓடுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூடப் பின்னால் திரும்பி ஓடுவதில் காட்டாத விங் ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கோபம் நியாயமே. அந்தக் குறை ஆளுடையது, இடத்துடையது அன்று.

தொடும் எண்ணிக்கைதான் வேண்டும் என்றாலும் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. நார்த் மெல்பர்னின் கீத் கிரெய்க் விங்கில் ஆடியே 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். விக்டோரியாவுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அணி முதன்முதலாகக் கோப்பையைத் தட்டிச் சென்ற 1992 இறுதி ஆட்டத்தில், வெஸ்ட் கோஸ்ட்டின் பீட்டர் மட்டேரா விங்கிலிருந்து ஓடிவந்து ஐந்து கோல்கள் அடித்து இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் பெற்றார். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர் எவரும் விங் வேண்டாம் என்று சொல்லத் துணியமாட்டார் என்பது என் நம்பிக்கை. 2022 இறுதி ஆட்டத்தில் சிட்னியை ஜீலாங் 81 புள்ளிகளில் தோற்கடித்தபோது அதே பதக்கம் 33 வயது ஐசக் ஸ்மித்துக்குக் கிடைத்தது; அவரும் விங்தான், அன்று மூன்று கோல்கள் அடித்தார். இவை பெரிய நாள்கள். மற்ற வாரங்களில் இதே மனிதர்கள் இதே ஓட்டத்தை ஓடியும் பந்து வேறு பக்கம் போயிருக்கும். அதற்காக அந்த வாரங்களில் அவர்கள் ஆடவில்லை என்றாகிவிடாது.

நீங்கள் மெல்பர்னிலேயே இருப்பதால் ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை மைதானத்துக்கே போய், சற்று உயரமான இருக்கையில் அமர்ந்து, ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுவதும் பந்தை விட்டுவிட்டு, பந்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் விங் ஆட்டக்காரரை மட்டும் கவனியுங்கள். பந்து கை மாறும் ஒவ்வொரு முறையும் அவர் முதல் மூன்று அடிகளை எந்தத் திசையில் வைக்கிறார் என்று பாருங்கள். பிறகு உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். மாறாமலே இருந்தாலும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.