நெருப்பில்லாமல் புகையுமா?

கேள்வி: என் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நல்ல பிள்ளை, வம்பு தும்புக்குப் போகமாட்டான். போன வாரம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்று ஒரு படம் அனுப்பினான். ஹிட்லர் படம். கீழே, ‘எல்லா யூதர்களையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சிலரை விட்டுவைத்தேன்’ என்று போட்டிருந்தது. “என்னடா இது?” என்றேன். “காசாவைப் பார்க்கிற இல்ல, அவர் சொன்னது சரிதானே” என்கிறான். “ரெண்டாயிரம் வருஷமா போன இடமெல்லாம் துரத்தியிருக்காங்கன்னா அவங்க மேல ஏதோ தப்பு இருக்கணும். நெருப்பில்லாம புகையுமாம்மா?” என்று கேட்கிறான். நான் பத்தாவது வரை படித்தவள், தையல் கடை வைத்திருக்கிறேன். அவன் பேசுவது தப்பு என்று மனசுக்குத் தெரிகிறது. பதில் சொல்லத்தான் தெரியவில்லை.
— பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் படத்தை முடித்துவிடுவோம், அது சுலபம். ஹிட்லர் அப்படிச் சொன்னதாகவோ எழுதியதாகவோ எந்தப் பதிவும் இல்லை. யாரோ எழுதிப் படத்தில் ஒட்டிவிட்டது. சரி, பொய்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் நடந்ததற்கு நேர் எதிரான பொய் இது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் ஓரத்தில் வான்சே ஏரிக்கரை மாளிகையில் ஹிட்லர் அரசின் 15 அதிகாரிகள், யூதர்களை ஒழிப்பது எப்படி என்று பேசக் கூடினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் (உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்). அவர்கள் முன்னால் ஒரு பட்டியல் இருந்தது. ஐரோப்பாவில் எந்த நாட்டில் எத்தனை யூதர்கள் என்று வரிசையாக எழுதி, மொத்தம் 1 கோடியே 10 லட்சம் என்று கூட்டியிருந்தார்கள். ஜெர்மனி பிடிக்கவே முடியாத இங்கிலாந்து அதில் உண்டு. போரிலேயே சேராத அயர்லாந்தும் உண்டு. அல்பேனியாவுக்கு நேராக 200 என்று போட்டிருக்கிறது. இருநூறு பேரைக்கூட விடாமல் எழுதி வைத்த கூட்டம் யாரையும் ‘விட்டுவைக்க’ நினைக்கவில்லை. மிஞ்சியவர்கள் மிஞ்சியது ஹிட்லர் தோற்றதால்.

உங்கள் மகன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் 19 வயதில் அவனைப் போலத்தான் இருந்தேன். எங்கள் வரலாற்று வாத்தியார் ஹிட்லரைப் பற்றிப் பேசினால் அவர் மீசையே துடிக்கும். ‘சர்வாதிகாரின்னா அப்படி இருக்கணும்’ என்பார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம். கண்டிப்பான தலைமையாசிரியரை ‘ஹிட்லர்’ என்று செல்லமாகக் கூப்பிடுகிற ஊர் நம்முடையது. அந்தப் பெயருக்குப் பின்னால் 60 லட்சம் யூதர்களின் சாவு இருக்கிறது, அதில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இனி அவன் கேட்ட பழமொழிக்கு வருகிறேன். நெருப்பில்லாமல் புகையாதுதான். ஆனால் நெருப்பு வைத்தவன் யார் என்றும் கேட்க வேண்டுமே. நம்மிடமே இன்னொரு பழமொழி இருக்கிறது: எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் யார்க். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதர்கள் நிலம் வைத்துக்கொள்ள முடியாது, கைத்தொழில் சங்கங்களில் சேர முடியாது. கிறிஸ்தவர்கள் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கடன் தேவைப்பட்டது. ஆக, வட்டித் தொழில் போன்ற சிலவற்றை மட்டும் யூதர்களுக்குத் திறந்துவைத்து, அப்புறம் ‘வட்டிக்காரன்’ என்று ஏசினார்கள். அரசன் அவர்களிடம் வரி கறந்தான். ஊர்ப் பிரபுக்கள் கடன் வாங்கினார்கள். 1190 மார்ச்சில், சிலுவைப் போருக்குக் கிளம்பும் பரபரப்பில், யார்க்கில் கலவரம் வெடித்தது. யூதக் குடும்பங்கள் கோட்டைக்குள் இருந்த மரக்கோபுரத்தில் ஒளிந்தன. சுமார் 150 பேர். கும்பல் சூழ்ந்துகொண்டதும் பலர் தங்கள் பிள்ளைகளையும் கொன்று தாங்களும் உயிரை விட்டார்கள். ‘மதம் மாறினால் விட்டுவிடுகிறோம்’ என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களை வாசலிலேயே வெட்டினார்கள்.

இதுவரை கேட்டால் மதவெறி என்று தோன்றும். அதற்கு அடுத்து அந்தக் கும்பல் எங்கே போனது தெரியுமா? நேராகத் தேவாலயத்துக்கு. சாமி கும்பிட அல்ல. யூதர்கள் கொடுத்த கடன்களுக்கான பத்திரங்கள், நம்மூர்ப் பேச்சில் புரோநோட்டுகள், பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துத் தேவாலயத்துக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். கலவரத்தை முன்நின்று நடத்தியவர்களில் கடன்பட்ட பிரபுக்களும் இருந்தார்கள். நான்கு வருஷம் கழித்து அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: இனி யூதர்களின் கடன் பத்திரங்களுக்கு நகல் எடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். செத்தவர்களுக்காகப் போட்ட விதி என்று நினைத்துவிடாதீர்கள். யூதர் இறந்தால் அவருக்கு வரவேண்டிய கடன் அரசனுக்குப் போகும். அது எரிந்துபோனால் கஜானாவுக்கு நஷ்டம்.

இதே அரசபரம்பரை 1290இல் எல்லா யூதர்களையும் நாட்டைவிட்டே துரத்தியது. அந்த வருஷம் பாராளுமன்றம் அரசனுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வரி வசூலிக்கச் சம்மதித்தது. பிரான்சின் அரசன் 1306இல் துரத்திச் சொத்தைப் பறிமுதல் செய்தான். அவனுக்கு அடுத்து வந்தவன் 1315இல் மறுபடி கூப்பிட்டுக்கொண்டான். ‘போன இடமெல்லாம் துரத்தினார்கள்’ என்று உங்கள் மகன் சொல்வது சரிதான். துரத்திவிட்டுத் திரும்பக் கூப்பிட்டதும் உண்டு என்பதை அந்தப் படம் போடுகிறவர்கள் சொல்வதில்லை.

இன்றைய பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கின் கதை இன்னும் மோசம். 1348இல் கொள்ளைநோய் ஐரோப்பாவை அரித்துக்கொண்டு வந்தது. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி. அன்றைய போப் ஆறாம் கிளமென்ட்டே, யூதர்களும் நோயில் சாகிறார்களே, யூதர்களே இல்லாத ஊரிலும் நோய் வருகிறதே என்று அறிக்கை விட்டுப் பார்த்தார். கேட்பார் இல்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கானவர்களை, ஒருவேளை இரண்டாயிரம் பேர்வரை, அவர்களுடைய கல்லறை நிலத்திலேயே உயிரோடு எரித்தார்கள். அன்றைக்கு அந்த ஊருக்குக் கொள்ளைநோய் வந்து சேரவே இல்லை! யூதர்களிடம் வாங்கிய கடனெல்லாம் ரத்தானது. அவர்கள் கைப்பணத்தை ஊரார் பங்கு போட்டுக்கொண்டார்கள். நோய் சில மாதம் கழித்து வந்து தன் வேலையைச் செய்தது.

‘யூதர் என்றாலே பணக்காரர்’ என்றும் அவன் சொல்லக்கூடும். 1492இல் ஸ்பெயினிலிருந்து பொன், வெள்ளி எடுத்துப் போகக்கூடாது என்று விரட்டப்பட்டவர்களில் நிறையப் பேர் துருக்கி சுல்தானின் நாட்டில், சலோனிகா துறைமுகத்தில் (இன்றைய கிரேக்க நாட்டின் தெசலோனிகி) குடியேறினார்கள். அங்கே அவர்களில் நிறையப் பேர் மூட்டை தூக்குகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், பீடித் தொழில் மாதிரி புகையிலை வேலை பார்க்கிறவர்கள். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் துறைமுகமே அன்று மூடிக் கிடக்கும். 1942 டிசம்பரில், ஊர் ஹிட்லரின் ஜெர்மனி பிடியில் இருந்தபோது, அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தை இடித்துக் கற்களைக் கட்டட வேலைக்கு எடுத்துப் போனார்கள். அந்த இடத்தில்தான் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. அடுத்த வருஷம் 45,000க்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இல் ஜெர்மனியில் இருந்த யூதர்கள் சுமார் ஐந்து லட்சம். நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் செத்த யூதச் சிப்பாய்கள் 12,000 பேர். 1938 நவம்பர் 9 இரவு ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதத் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தி, கடைகளை உடைத்து, 30,000 ஆண்களைப் பிடித்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து அரசாங்கம் என்ன செய்தது? அபராதமாக 100 கோடி மார்க் கட்டச் சொன்னது, யூதர்களைத்தான். இன்ஷூரன்ஸ் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. பின்னால் அவர்களை முகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில்வே, ஆளுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் என்று கணக்குப் போட்டது. பத்து வயதுக்குக் கீழ் அரை டிக்கெட், நான்குக்குக் கீழ் இலவசம். போவதற்கு மட்டும். ஹாம்பர்க்கில் அவர்கள் வீட்டு நாற்காலி, போர்வை, பாத்திரங்களை ஏலம் விட்டார்கள், சாதாரண ஜனங்கள் வாங்கிப் போனார்கள்.

ஆனால் லாபக் கணக்கு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அதையும் சொல்ல வேண்டும். போலந்தில் லோட்ஸ் நகரத்துச் சேரியில் அடைக்கப்பட்ட யூதத் தையற்காரர்கள், உங்கள் தொழில்தான், ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூலி என்று சொல்ல முடியாத கஞ்சிக்கு. போரில் தோற்றுக்கொண்டிருந்த ராணுவத்துக்கு அந்தக் கைகள் தேவை. அப்படியும் 1944 ஆகஸ்டில் அவர்களை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் தப்பிக்க வழி இருந்தது. நாஜிகள் தாத்தா பாட்டி யூதரா என்று பார்த்தார்கள். பிறப்பே குற்றம் என்று ஆனபின் லாபத்துக்குக்கூட வேலை இல்லை. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடுவது எதில் போய் முடியும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புகை பற்றி இன்னும் ஒன்று. எல்லாம் முடிந்து, முகாம்களில் பிழைத்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு, 1946 ஜூலை 4, போலந்தில் கீல்ட்ஸே என்ற ஊர். எட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாள் வீட்டைவிட்டுக் காணாமல் போய்த் திரும்பினான். யூதர்கள் பிடித்துப் போய் நிலவறையில் அடைத்துவிட்டார்கள் என்று சொல்ல, ஊரே திரண்டது. போலீஸும் சிப்பாய்களும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். அன்று 42 யூதர்கள் செத்தார்கள். பையன் உண்மையில் போயிருந்தது வேறொரு கிராமத்துக்கு. அவன் கைகாட்டிய கட்டடத்தில் நிலவறையே கிடையாது.

காசாவைப் பார்த்து மகனுக்கு வரும் கோபத்தை அடக்கச் சொல்லாதீர்கள். செத்த குழந்தையைப் பார்த்துக் கோபப்படாதவன்தான் கவலைக்குரியவன். ஒரு அரசாங்கம் செய்வதை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேட்கட்டும். ஆனால் இஸ்ரேல் என்ற நாடு உருவானது 1948இல். 1943இல் சலோனிகாவில் ரயிலேறிய குழந்தை அதற்கு எப்படிப் பதில் சொல்லும்? இதை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். உடனே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபது வயதில் அம்மாவிடம் தோற்பது பெரிய கஷ்டம். நான் சொன்ன தேதிகளில் ஒன்றை, யார்க்கையே, அவனையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அந்தப் பத்திரத்தை ஏன் எரித்தார்கள் என்று அவன் உங்களிடம் வந்து சொல்லட்டும்.

அப்புறம், லீவுக்கு வந்தால் அவனைக் கொச்சிக்குக் கூட்டிப் போங்கள், தென்காசியிலிருந்து எர்ணாகுளத்துக்கு நேர் ரயிலே இருக்கிறது. ‘போன இடமெல்லாம் துரத்தினார்கள்’ என்ற வாக்கியம் அங்கே செல்லாது. சுமார் ஆயிரம் வருஷம் முன்பு சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு வெட்டினான், வட்டெழுத்தில். பல்லக்கு, பகல்விளக்கு, குடை எல்லாம் அந்த உரிமையில் அடக்கம். அவர்கள் தொழுகைக்கூடத்துக்கு 1662இல் தீ வைத்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த போர்த்துக்கீசியர்கள். பின்னால் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனது யாரும் துரத்தி அல்ல. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய அந்தத் தொழுகைக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், காலுக்குக் கீழே நீலப் பூப்போட்ட சீனத்து ஓடுகள் ஜில்லென்று இருக்கும். வெள்ளி, சனி மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.