சித்திரை வெயிலில் சின்னப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

கேள்வி: கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. உவர்மலையில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஏப்ரல் விடுமுறை வந்தால் இரண்டு பேரும் போனோடுதான். ‘வசந்தகாலத்தில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்’ என்று இணையத்தில் தேடினால் முட்டைக்குச் சாயம் பூசுவதும் முயலும் பூந்தோட்டமும்தான் வருகின்றன. இங்கேயோ வெளியே கால் வைக்க முடியாத வெயில். எங்களோடு பெரியவர்களும் இல்லை. வருஷப்பிறப்பு முறைகள் எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். வருஷப்பிறப்புக்குத் தலையில் வைத்துக் குளிக்கும் மருத்துநீரைச் சின்னவனுக்கு வைக்கலாமா? எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

பதில்: முட்டைக்குச் சாயம் பூசுவதில் பிழையொன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆசை என்றால் பூசட்டும். ஆனால் இந்த வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடந்த அவித்த முட்டையைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மற்றபடி அந்தக் குறிப்புகள் எல்லாம் குளிருக்குள் அடைந்து கிடந்துவிட்டு வெளியே ஓடி வருகிறவர்களுக்காக எழுதியவை. நமக்குப் பங்குனி, சித்திரையில் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும், வெயிலும் ஏறும். ஆகவே முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். விடியலிலிருந்து எட்டரை வரை வெளியே, ஒன்பதிலிருந்து நாலு மணி வரை வீட்டுக்குள், நாலரைக்குப் பிறகு திரும்ப வெளியே. இந்த ஒழுங்கு பிடிபட்டால் விடுமுறையின் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

இன்னொன்று. மூன்று வயதுப் பிள்ளை சும்மா நின்று வேடிக்கை பார்க்காது. கையில் ஒரு வேலை இருந்தால்தான் ஓரிடத்தில் நிற்கும். முன்பள்ளிகளில் நாங்கள் தினமும் காண்பது இதைத்தான். பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் எதைக் காட்டலாம் என்று அலைவதை விட, நடக்கிற காரியத்தில் அவர்களுக்கு எந்தத் துண்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று யோசியுங்கள்.

வருஷப்பிறப்புக்கு நாலைந்து நாள் முன்பு பயற்றம் பணியாரத்தில் தொடங்கலாம். பயற்றை வறுத்து இடித்து மாவாக்கி, வறுத்த தேங்காய்ப்பூ, ஏலக்காய், மிளகு, சர்க்கரைப் பாகு சேர்த்துக் குழைப்பது உங்கள் வேலை. பாகு சூட்டோடு இருக்கும்போது பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இருவரையும் பாயில் உட்கார வைத்து உருட்டக் கொடுங்கள். மகளுக்குத் தேசிக்காய் அளவில் ஒன்று உருட்டிக் காட்டினால் அதைப் பார்த்துச் சரியாகவே உருட்டுவாள். மகனுடையது ஒன்று பாக்களவு இருக்கும், அடுத்தது மாங்காய் அளவு இருக்கும். பாதி வாய்க்குள் போகும். அவன் கண்முன்னே அதைத் திருத்தி உருட்டாதீர்கள். ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்துத் தனியாகப் பொரியுங்கள். பெரிதும் சிறிதும் ஒரே சட்டியில் போட்டால் சின்னது கருகிவிடும். எண்ணெய்ச் சட்டி வேலையைப் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளி வைப்பது நல்லது. தரையில் வைக்கும் அடுப்பு என்றால் கட்டாயம் அப்படித்தான். முறுக்கைச் சின்னவனுக்கு நொறுக்கிக் கொடுங்கள். கச்சான், கஜு இரண்டையும் முழுதாகக் கொடுக்கவே வேண்டாம். தொண்டையில் சிக்கும் வயது அது.

செய்த பலகாரத்தை அயலுக்குக் கொண்டுபோவது பிள்ளைகளின் பொறுப்பாக இருக்கட்டும். திருகோணமலையில் ஒரே ஒழுங்கையில் தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் அடுத்தடுத்து இருப்பது புதினமில்லை. இங்கிருந்து பணியாரம் போகும், அங்கிருந்து கொக்கிஸ் வரும், பெருநாளைக்கு வட்டிலாப்பம் வரும். தட்டத்தைத் துணியால் மூடி மகளிடம் கொடுத்து, கதவடியில் என்ன சொல்வது என்றும் சொல்லிக்கொடுங்கள். தம்பி கூடப் போகட்டும். நீங்கள் படலையில் நின்று பார்த்தால் போதும்.

இப்போது மருத்துநீர். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோசலம் (பசுவின் சிறுநீர்), கோமயம் (சாணம்), கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு, திப்பிலி என்று பல சரக்குகளைத் தண்ணீரில் இட்டுக் காய்ச்சுவது அது. வீட்டில் காய்ச்சத் தேவையில்லை. முதல் நாளே கோவிலில் கொடுப்பார்கள், ஒரு போத்தலோடு போனால் சரி. அந்த வருடத்தில் தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை, எந்த நிற உடுப்பு என்பதெல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் வெவ்வேறு நேரம் சொல்லும். அதில் தலையைப் போட்டு உடைக்காமல் நீங்கள் போகிற கோவில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வைக்கலாம். மிளகும் சுக்கும் கண்ணில் பட்டால் எரியும், கோசலமும் கோமயமும் வாய்க்குள் போகக்கூடாது. அதனால் பெரியவர்களுக்குப் போல ஊற்றாதீர்கள். முகத்தை மேலே நிமிர்த்தச் சொல்லி, விரலால் தொட்டு உச்சியில் இரண்டு துளி வைத்து, இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்துவிட்டு உடனே குளிக்க வார்க்கலாம். தோலில் புண்ணோ கரப்பனோ இருந்தால் இலையை மட்டும் வைத்தால் போதும். மருத்துநீர் வைக்கும் விஷு புண்ணியகாலம் என்பது வருஷம் பிறக்கும் நேரமான சங்கிரமணத்துக்கு முன் நாலு மணித்தியாலம், பின் நாலு மணித்தியாலம். வருஷம் நடுச்சாமத்தில் பிறந்தாலும் பிள்ளையைத் தட்டி எழுப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. படுக்கப் போகுமுன்னோ விடியலிலோ வைத்துவிடலாம். அந்த நேரத்தில் பெரியவர்கள் சாப்பிடாமல் இருந்தாலும் பிள்ளைக்குப் பசித்தால் கொடுங்கள்.

பெரியவர்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களும் கணவரும்தான் பெரியவர்கள், நீங்களே வைக்கலாம். அயலில் ஒரு அம்மம்மா இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். “பிள்ளைகளுக்கு மருத்துநீர் வைத்துவிடுறீங்களா அம்மா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் ஆள் இந்த ஊரில் இல்லை. பெரியவர்கள் கொடுக்கும் வருஷப்பிறப்புக் காசான கைவிசேஷமும் அங்கேயே கிடைத்துவிடும். இரண்டு கையையும் நீட்டி வாங்கி, காலில் விழுந்து கும்பிடுவதை முதல் நாள் விளையாட்டாகவே பழக்குங்கள். வாங்கிய காசு பிள்ளையின் உண்டியலுக்குப் போகட்டும். ‘அம்மாட்டக் குடுத்து வை’ என்று வாங்கிக் கரண்ட் பில் கட்டுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் அதை மறப்பதில்லை!

அன்று காலையில் முற்றத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு, கோலம், பொங்கல். கோலத்தில் புள்ளி வைப்பது மகள். மகனுக்கு ஒரு ஓரத்தை ஒதுக்கி, அரிசிமாவை அள்ளிக் கொட்ட விடுங்கள். எறும்பு வந்து அதை இழுத்துக்கொண்டு போவதைக் குந்தியிருந்து பார்ப்பது அவனுக்குக் கோலத்தை விடப் பெரிய காரியம்.

அதற்கு ஓரிரு நாள் முன்பு ஒரு வேடிக்கை இருக்கிறது, காசு செலவே இல்லை. ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. தெற்கே தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே ஏறும். திருகோணமலைக்கு அது 11ஆம், 12ஆம் திகதி அளவில் வரும், நண்பகல் 12 மணி கழிந்து ஐந்தாறு நிமிடத்தில். எந்த நாளில் எந்த ஊருக்கு என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும், செய்தியில் சொல்வார்கள். காலை எட்டு மணிக்கு மகளை முற்றத்தில் நிறுத்தி, அவளுடைய நிழலைச் சோக்கட்டியால் வரையுங்கள். பத்து மணிக்கு அதே இடத்தில் இன்னொரு தடவை. பன்னிரண்டு ஐந்துக்குத் தொப்பியும் செருப்பும் போட்டு இரண்டே நிமிடம் வெளியே கூட்டி வந்தால் நிழல் காலடிக்குள் ஒடுங்கி நிற்கும். நேராக நிறுத்திய ஒரு பைப்புத் துண்டுக்கு நிழலே இருக்காது. ஏன் என்று அவள் கேட்பாள். தேசிக்காயையும் டோர்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் விளக்கலாம். அந்த நாள் முகில் மூடியிருந்தால் ஓகஸ்ட் கடைசியில் சூரியன் திரும்பி வரும்போது இன்னொரு தடவை பார்க்கலாம்.

விடியலில் போக இடம் கேட்டால் என் முதல் தெரிவு, கரையில் நின்று வலை இழுத்து மீன் பிடிக்கும் கரைவலை. உப்புவெளி, சல்லி பக்கம் ஆறு மணிக்கெல்லாம் நின்றால் போதும். கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று இழுத்துக்கொண்டு வருவார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கிட்டக் கிட்ட வரும். கடைசியில் மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறும்போது சூடை, கீரி, நெத்தலி எல்லாம் வெள்ளியாகத் துள்ளும். மகளுக்கு வேலை, ஐந்து மீனின் பெயரைக் கேட்டு வந்து உங்களிடம் சொல்வது. சின்னவன் உங்கள் இடுப்பிலோ தோளிலோ இருக்கட்டும். இறுகி நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். வலையிலிருந்து மணலில் எறியும் மீன்களைத் தொடவும் விடவேண்டாம். திருக்கைக்கு வாலில் முள், பேத்தைக்கு உடம்பில் நஞ்சு. பேத்தை பந்து மாதிரி ஊதிக் கிடப்பதைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் கை துருதுருக்கும், கவனம். போகிற கையோடு கறிக்கு மீனும் வாங்கி வரலாம்.

குளிப்பதற்கு இந்தக் காலத்தில் உப்புவெளியும் நிலாவெளியும் நல்லவை. அடங்கிய கடல்தானே என்று பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போன் பார்க்காதீர்கள். நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரம், அதுதான் கணக்கு. பின்னேரம் போனால் வானத்தையும் பாருங்கள். இடி முழங்கினால் உடனே கரையேறி வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும். சித்திரை இடி பொல்லாதது.

கோணேசர் கோவிலுக்குப் பின்னேரம் ஐந்து மணியளவில் போங்கள். மத்தியானத்தில் வெறுங்காலோடு அந்தத் தரையில் சின்னப் பிள்ளை நிற்காது. பங்குனி, சித்திரையில் ஆண்டுத் திருவிழாவும் வரும். கூட்டத்துக்குப் பயந்தால் திருவிழா இல்லாத ஒரு கிழமை நாளில் போகலாம். போர்த்துக்கேயர் 1620களில் கோவிலை இடித்ததையும், 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சுவாமி விக்கிரகங்கள் கிடைத்ததையும், 1963இல் புதுக்கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததையும் மகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். கிணற்றிலிருந்து சாமி வந்த கதை ஆறு வயதுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். கோவிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்கும். பார்க்கலாம், தீனி கொடுக்கக்கூடாது. சாப்பாட்டு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி மான்கள் சாகின்றன. உங்கள் பைகளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பை மகனிடமே கொடுங்கள். வீட்டில் குப்பை எடுக்காத பிள்ளையும் மானுக்காக என்றால் எடுக்கும்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு அதிகாலையில் மட்டும். ஏழு கிணறும் ஏழு சூடு. எது கூட, எது குறைய என்று கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் முதலில் உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்கு வார்க்க வேண்டும். சின்னப் பிள்ளையின் தோலுக்கு உங்களுக்கு இதமாக இருக்கும் சூடே அதிகம்.

வீட்டு வளவில் மாமரமோ புளியமரமோ இருந்தால் ஊஞ்சல் கட்டாமல் விடாதீர்கள். சித்திரைக்கு ஊஞ்சல் கட்டுவது தமிழருக்கும் சிங்களவருக்கும் பொது வழக்கம். பச்சைக் கொப்பில், தும்புக் கயிற்றில், பலகை உங்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் கட்டுங்கள். கீழே மணல் கொட்டுங்கள். முதலில் நீங்களே ஏறி ஆடிப் பாருங்கள், உங்களைத் தாங்கினால் அவர்களையும் தாங்கும். தேங்காயைத் தேங்காயால் அடித்து உடைக்கும் போர்த்தேங்காய் அடிப்பு எங்காவது நடந்தால் கூட்டிப் போகலாம், ஆனால் எட்ட நில்லுங்கள், சிரட்டை தெறிக்கும். சனசமூக நிலைய விளையாட்டு விழாக்களில் தேசிக்காய்க் கரண்டி ஓட்டமும் பணிஸ் சாப்பிடும் போட்டியும் சின்னவர்களுக்குத் தோதானவை. சின்னவனுக்குத் தேசிக்காய்க்குப் பதில் உருளைக்கிழங்கு வையுங்கள், உருளாது.

தெருவோரத்தில் மரமுந்திரிகைப் பழம் விற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். பழத்தைக் கழுவிக் கொடுக்கலாம். கொட்டையை நீங்கள் திருகி எடுத்து அப்புறப்படுத்துங்கள். பச்சைக் கொட்டையின் தோலில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும், அதைப் பல்லால் கடிப்பதுதான் பிள்ளைகளின் முதல் வேலை. வெள்ளரிப்பழமும் வத்தகப்பழமும் தாராளமாகக் கொடுக்கலாம், தாகத்துக்கும் ஆகும்.

புறாத்தீவுப் படகுப் பயணத்தையும் திமிங்கிலம் பார்க்கப் போவதையும் இந்த வருடம் விட்டுவிடுங்கள். நிழலில்லாத படகு, மூன்று வயதுக்குப் பொருந்தாத உயிர்காப்பு அங்கி, நடுக்கடலில் மூத்திரம் வந்தால் என்ன செய்வது என்ற கவலை. இதற்கெல்லாம் கொடுக்கும் காசு வீண். சின்னவன் நீந்தப் பழகட்டும், பிறகு பார்க்கலாம்.