கருவிக்கு முன் வயலைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள், மண்ணில் புதைந்த பழம்பொருள்களைத் தேட உதவும் மெட்டல் டிடெக்டர் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, சஃபோக் வயல்களில் நெடுங்காலமாக இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கும் நம் பகுதி எழுத்தாளர் பதில் அளிக்கிறார்.

அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். மெட்டல் டிடெக்டர் வாங்க 300 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன். ‘ஆறடி ஆழத்துத் தங்கத்தையும் காட்டும்’ என்று 60 பவுண்டுக்கு ஒன்றை விளம்பரம் செய்கிறார்கள். நண்பரோ 900 பவுண்டுக்குக் குறைந்த எதுவும் வீண் என்கிறார். எதை நம்புவது?
— ம. செ., நார்விச்

இரண்டையும் நம்ப வேண்டாம்.

முதலில் அந்த ஆறடி. கருவியின் அடியில் உள்ள ‘காயில்’ என்னும் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தொட்டதும் அதில் சிறு சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் மெல்லிய பதிலைக் காயில் பிடித்து ஒலியாக்குகிறது. தூரம் கூடக் கூட அந்தப் பதில் மிக வேகமாகத் தேய்ந்துவிடும். நாணயம் அளவுள்ள பொருள் ஒரு ஜாண் ஆழத்தில் கிடந்தாலே நல்ல கருவியும் திணறித்தான் சொல்லும். ஆறடி ஆழத்து மோதிரத்தைக் காட்டும் கைக்கருவி எந்த விலைக்கும் கிடைக்காது. தங்கத்தை மட்டும் பிரித்துக் காட்டும் என்பதும் பொய். சிறிய தங்க மோதிரம், கசங்கிய அலுமினியத் தாள், குளிர்பானக் கேனின் திறப்பு வளையம் மூன்றும் திரையில் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் தருகின்றன.

900 பவுண்டுக் கருவியின் வசதிகள் உண்மையானவைதான். ஆனால் அவை பழகிய காதுக்குப் பயன்படுபவை. இரும்பாணியின் கரகரப்பையும் வெள்ளியின் ஒலியையும் பிரித்தறியாதவருக்கு நாற்பது அமைப்புகள் இருந்து என்ன பயன்?

200 முதல் 300 பவுண்டுக்குள் மூன்று கருவிக் குடும்பங்களைப் பாருங்கள். காரெட் ஏஸ் 300i எடை குறைந்தது, பழக எளியது, பல ஆண்டு உழைப்பது. ஆனால் மண்ணின் தன்மைக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் வசதி அதில் இல்லை. நோக்டா சிம்ப்ளெக்ஸ் முழுக்கவே நீர்புகாதது. மண்ணுக்கேற்ப நாமே சரிசெய்யலாம். ஆனால் ஒரே அலைவரிசையில் இயங்குவதால் உப்பு ஈரமுள்ள மணலில் தடுமாறும். மைன்லேப் வான்குவிஷ் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்குகிறது. ஆகவே உழுத வயலிலும் ஈரமான கடற்கரையிலும் அமைதியாக வேலை செய்யும். அதன் 340, 440 வகைகளில் காயில் மட்டுமே நீர்புகாதது, மேலே உள்ள திரைப் பகுதியை மழையில் மூடிக்கொள்ள வேண்டும்.

என் தேர்வு வான்குவிஷ். விலை குறைந்த 340 போதும். உள்ளூர் டிடெக்டர் மன்றத்து உறுப்பினர் யாராவது தம் 440ஐ விற்கிறார் என்றால் அதை வாங்குங்கள். மேலான கருவிக்கு மாறுகிறவர்கள் பழையதை நல்ல நிலையில் கைமாற்றுவது இங்கே வழக்கம்.

300 பவுண்டு முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். பின்பாயின்டர் என்ற சிறு கைக்கருவி கட்டாயம் வேண்டும். குழிக்குள் நுழைத்தால் பொருள் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று அதிர்ந்து சொல்லும். அது இல்லாதவர் ஈயத் துண்டு ஒன்றுக்காக வயலில் தொட்டி அளவுக்குக் குழி பறிப்பார், அதைப் பார்த்த விவசாயி மறுமுறை உள்ளே விடமாட்டார். மீதிப் பணத்தில் ஒரு வலுவான சிறு ஸ்பேடும் ஹெட்ஃபோனும் வாங்குங்கள்.

முதல் சில வாரங்கள் இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு, நிலையாக ஒலிக்கும் எல்லாவற்றையும் தோண்டுங்கள். காயிலை மண்ணை ஒட்டி, மெதுவாக, இருபுறமும் ஒரே உயரத்தில் வீசுங்கள். ஒலி கேட்ட இடத்தில் உங்கள் உடலைத் தொண்ணூறு பாகை திருப்பி நின்று மறுபடி வீசுங்கள். ஆணியாக இருந்தால் ஒலி பெரும்பாலும் உடையும் அல்லது காணாமலே போகும். நாணயமாக இருந்தால் எந்தப் பக்கம் நின்று வீசினாலும் உருண்டையாக, அதே இடத்தில் ஒலிக்கும்.

இப்படிப் பழகிய காதுக்கு எது கிடைக்கும்? என்னிடம் ஓர் அரை வெள்ளிப் பென்னி இருக்கிறது. உடைந்ததல்ல, வேண்டுமென்றே வெட்டப்பட்டது. 1279இல் முதலாம் எட்வர்ட் காலத்து நாணயச் சீர்திருத்தம் வரும்வரை இங்கே சில்லறைக்காகப் பென்னியை அதன் பின்புறச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாக, நான்காக வெட்டிக்கொண்டார்கள். என் விரல்நகத்தைவிடச் சற்றே பெரியது, காகிதம்போல் மெல்லியது, வெட்டிய ஓரம் மட்டும் நேர்கோடாக நிற்கிறது. திரையில் அது காட்டிய எண்ணைப் பார்த்திருந்தால் குப்பை என்று கடந்துபோயிருப்பேன். நின்று தோண்டவைத்தது அதன் ஒலி.

கருவி வாங்கிவிட்டேன். எந்த விவசாயியையும் தெரியாது. வயலுக்குள் எப்படிப் போவது?
— இ. ர., இப்ஸ்விச்

இதைக் கருவி வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரோமானியர் குடியிருந்த வயலில் சாதாரணக் கருவி போதும். வெறும் நிலத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஒன்றும் தராது.

இந்த நாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிமையாளர் உண்டு, பூங்காவுக்கும் பொது நடைபாதைக்கும்கூட. அனுமதியில்லாமல் கருவியோடு நுழைவது அத்துமீறல். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடமென்றால், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்புதல் பெறாமல் அங்கே கருவியைப் பயன்படுத்துவதே குற்றம், தோண்டவே வேண்டியதில்லை.

நான் தஞ்சைப் பக்கத்து நெல் விவசாயியின் மகள். விதைத்த நிலத்தில் அயலார் கால் படுவதை உழவர் எவரும் பொறுக்கமாட்டார் என்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரியும், சஃபோக் உழவரும் அப்படித்தான். அறுவடை நாட்களில் போய்க் கேட்காதீர்கள். கடிதத்தைவிட நேரில் போவது நல்லது. நீங்கள் யார், எங்கே வசிக்கிறீர்கள், எந்த மாதங்களில் நிலம் வெறுமையாக இருக்கும்போது வர விரும்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். தேசிய மெட்டல் டிடெக்டிங் மன்றத்தில் உறுப்பினரானால் காப்பீடு கிடைக்கும், அந்த அட்டையைக் காட்டுங்கள். அவர் எதையாவது வயலில் தொலைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். டிராக்டர் பின், சாவிக்கொத்து, திருமண மோதிரம் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். கண்டுபிடிப்பதைப் பங்கிடுவது பற்றி அன்றைக்கே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நல்ல நட்பு கெடுவதெல்லாம் இதை எழுதாமல் விட்டதால்தான்.

எவரும் இசையவில்லை என்றால் உள்ளூர் மன்றத்தில் சேருங்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி பெற்ற வயல்களுக்குச் சேர்ந்து போவார்கள். வேறு கருவிகளின் ஒலியைக் கேட்கவும் அது நல்ல இடம்.

புதையல் கிடைத்தால் அது நமக்கா, அரசுக்கா?
— சு. க., கேம்பிரிட்ஜ்

1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு உரியது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், எடையில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ளதுமான, நாணயமல்லாத பொருள் புதையல். ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்த, அதே வயதுள்ள இரண்டு தங்க அல்லது வெள்ளி நாணயங்களும் புதையல்தான். 2023 முதல், 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தனிச்சிறப்புள்ள உலோகப் பொருள்களும் இதில் சேர்ந்துவிட்டன. 14 நாட்களுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதை வாங்கினால், அந்தத் தொகை பொதுவாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரித்துத் தரப்படும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே பழம்பொருள் எதுவானாலும் தெரிவித்தாக வேண்டும்.

ஒற்றை நாணயம் இந்தச் சட்டத்தில் வராது என்றாலும், அதையும் உங்கள் மாவட்டத் தொல்பொருள் பதிவு அதிகாரியிடம் காட்டுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். 1997இல் தொடங்கிய இந்தப் பதிவுத் திட்டத்தின்கீழ் பொதுமக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. என் அரைப் பென்னியும் அதில் இருக்கிறது. எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளித் துண்டு.

1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸன் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேட வந்தவர் எரிக் லாஸ், ஓய்வுபெற்ற தோட்டக்காரர். ஓய்வு பெற்றபோது பரிசாக வந்த டிடெக்டர் அவரிடம் இருந்தது. சுத்தியலுக்குப் பதில் வெள்ளிக் கரண்டிகளும் பொன்னகையும் நாணயங்களும் வந்தன. அவர் மேலும் தோண்டாமல் நிறுத்திவிட்டு உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர் வந்து முறையாக அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள் வந்தன. அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி மட்கிவிட்டிருந்தும், எது எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை தெரிந்தது. அவர் ஆசையில் இன்னும் ஒரு மணி நேரம் தோண்டியிருந்தால் அந்த அடுக்கு என்றைக்குமாக அழிந்திருக்கும். அவருக்குக் கிடைத்த 17.5 லட்சம் பவுண்டு வெகுமதியை வாட்லிங்கோடு பகிர்ந்துகொண்டார். தேடிய சுத்தியலும் கிடைத்தது, அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மகனோடு கிரேட் யார்மத் கடற்கரையில் தேட ஆசை. தனிக் கருவி வேண்டுமா?
— ப. நி., லோவெஸ்டாஃப்ட்

காய்ந்த மணலுக்கு எந்தக் கருவியும் ஆகும். அலை தொட்டுப்போன ஈர மணலில் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசைக் கருவி ஓயாமல் பொய்யொலி எழுப்பும். அங்கே வான்குவிஷ் போன்ற பல அலைவரிசைக் கருவிதான் ஏற்றது. மணலுக்கு ஸ்பேடைவிடத் துளையிட்ட அள்ளுகரண்டி வசதி. கடற்கரை யாருடையது, அனுமதி தேவையா என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். புயலுக்குப் பிந்தைய வற்று நேரம்தான் சிறந்த நேரம்.

ஒன்றை மகனிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள். 1940இல் படையெடுப்புக்கு அஞ்சி இந்தக் கிழக்குக் கரை நெடுகக் கண்ணிவெடிகள் புதைத்தார்கள். துருப்பிடித்த உருளையோ குண்டு வடிவமோ தென்பட்டால் தொடாமல் விலகி வந்து 999ஐ அழைக்க வேண்டும்.

விடுமுறைக்குக் கரூர் போகிறேன். அமராவதி ஆற்று மணலில் ரோமானிய நாணயம் கிடைக்கும் என்கிறார்கள். டிடெக்டரை எடுத்துப் போகலாமா?
— த. வே., லெஸ்டர்

எடுத்துப் போகாதீர்கள். அமராவதிப் படுகையில் ரோமானிய நாணயங்களும் சங்ககாலச் சேரர் நாணயங்களும் கிடைத்திருப்பது உண்மை. அதனாலேயே அந்த மணலை நாம் கிளறக் கூடாது. இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இங்கே வயலில் கிடைத்ததைப் பதிந்துகொண்டு நம் கையிலேயே திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே கிடையாது.

சென்னை வழியாகப் போகிறீர்கள் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு பகலைச் செலவிடுங்கள். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அங்கே உள்ளன. லெஸ்டர் பக்கத்து வயலில் நாளை உங்கள் காயிலுக்கடியில் ஒலிக்கப்போவதும் அதே பேரரசின் நாணயமாக இருக்கலாம். முகத்தையும் எழுத்தையும் அங்கேயே பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.