24 பவுண் நகையும் எட்டுக் கமராவும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவிலில் சொந்த வீட்டில் நானும் கணவரும் இருக்கிறோம். மகன் கனடாவில், மகள் கொழும்பில். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கி நகை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கமரா பூட்டச் சொல்லி மகன் விடாமல் நிற்கிறான். ஒரு கடைக்காரர் வந்து பார்த்தார். எட்டுக் கமரா, கதவுகளுக்கு சென்சர், சைரன் எல்லாம் சேர்த்து 285,000 ரூபா, வட்டியில்லாமல் 12 மாதத் தவணை என்கிறார். கைக்காசாகக் கொடுத்தால் 265,000. பராமரிப்புக்கு வருடம் 18,000. வங்கியில் 15 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது, முதிர இன்னும் நான்கு மாதம். அதை உடைக்கலாமா? அலுமாரியில் 24 பவுண் நகையும் இருக்கிறது. கணவர், ஒரு நாய் வளர்த்தால் போதும் என்கிறார்.

பதில்: ரீச்சர், நீங்கள் கேட்டது கமராவைப் பற்றி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த அலுமாரி வரி. 24 பவுண்! 2025 இல் பவுண் விலை மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நகைக்கு அவ்வளவு வராது, செய்கூலி, சேதாரம் எல்லாம் கழியும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, பவுணுக்கு மூன்று இலட்சம் என்றே குறைத்துப் பிடித்தாலும் 72 இலட்சம். வைப்பில் இருப்பதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு காசு, ஒரு சின்னத் திறப்பை நம்பி உடுப்புகளுக்கு நடுவில் கிடக்கிறது. ஆகவே முதலில் நகை வீட்டை விட்டுப் போகட்டும். அதன் பிறகு கமராவுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்வியே வேறாகிவிடும்.

வங்கி லொக்கருக்கு வருட வாடகை உண்டு. அது வங்கிக்கு வங்கி, பெட்டியின் அளவுக்கு ஏற்ப மாறும். எல்லாக் கிளையிலும் பெட்டி காலியாக இருக்காது, ஆகவே இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். பெட்டிக்குள் என்ன வைத்தீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை. ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையை எழுதி, ஒரு பிரதியை மகளிடம் கொடுத்து வையுங்கள். பெட்டியை உங்கள் பெயரில் மட்டும் எடுக்காமல் ஐயாவையோ மகளையோ சேர்த்து எடுங்கள். தனிப் பெயரில் பெட்டி எடுத்தவர் திடீரென்று படுக்கையில் விழுந்து, கலியாணத்துக்கு நகை எடுக்க முடியாமல் வீட்டார் அலைந்த கதை எனக்குத் தெரியும்.

லொக்கர் கிடைக்காவிட்டால் எங்கள் ஊரில் இன்னொரு பழைய வழி இருக்கிறது. பாதுகாப்புக்காகவே நகையை ஒரு சிறு தொகைக்கு வங்கியில் அடைவு வைப்பார்கள். எடை பார்த்து, துண்டு எழுதித் தருவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் கடன், உண்மையில் காவல் கூலி. ஒரு இலட்சத்துக்கு அடைவு வைத்து, வட்டி 12 வீதம் என்று வைத்துக்கொண்டால் வருடம் 12,000 ரூபா. அந்த ஒரு இலட்சத்தை வைப்பில் போட்டால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது: தவணை முடியும் நாளை மறந்தால் நகை ஏலத்துக்குப் போகும். கலண்டரில் நீங்களும் குறித்து, மகனின் போனிலும் போடச் சொல்ல முடியும் என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் கொண்டுபோய் வைக்கச் சொல்லவில்லை. பதினொரு பவுணில் தாலிக்கொடி போட்டவர்கள் கூட இப்போது அன்றாடத்துக்கு ஒரு மெல்லிய சங்கிலியோடு இருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நகையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. தேருக்கு முதல் ஒரு வேலை நாளில் எடுத்து, முடிந்ததும் திருப்பி வைத்துவிடுங்கள். தேர் அன்று காலையில் ஒழுங்கையே காலியாகக் கிடக்கும் என்பது நமக்கு மட்டுமா தெரியும்?

இனிக் கமரா. கடைக்காரர் சொல்லும் “வட்டியில்லை” என்பதைப் பாருங்கள். காசாகக் கொடுத்தால் 265,000, தவணையில் 285,000. அந்த 20,000 தான் வட்டி, பெயர் மட்டும் வேறு. மாதம் 23,750 கட்டிக்கொண்டு வரும்போது கடனும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 14 வீதம் வருகிறது.

காசாகவே கொடுத்தாலும் செலவு அதோடு நிற்காது. இந்தச் சாமான்களுக்கு ஐந்து வருட ஆயுள் என்று பிடித்தால் வருடத்துக்கு 53,000. பராமரிப்பு 18,000. ஹாட் டிஸ்கும் யூபிஎஸ் பற்றரியும் இடையில் மாற்ற வேண்டி வரும், அதற்கு நான் வருடம் 10,000 போட்டேன். மொத்தம் 81,000, மாதம் 6,750 ரூபா. உங்கள் ஓய்வூதியத்தில் இருந்து மாதாமாதம் இதை எடுத்து வைக்க மனம் வருமா என்று யோசியுங்கள்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? கமரா கள்ளனைப் பிடிக்காது, படம் பிடிக்கும். என் வீட்டிலும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இரவில் அகச்சிவப்பு லைற்றைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வலை முழுக்கக் கண்ணாடியில். ஒவ்வொரு இரவும் போன் கத்தும், ஒரு கிழமையில் நாமே சத்தத்தை நிறுத்திவிடுவோம். 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்களில், பூட்டியவர் பெருமையாகச் சொன்ன யூபிஎஸ் ஒரு மணித்தியாலத்தில் படுத்துவிட்டது. இணைய றவுட்டருக்கு அவர் பற்றரியே கொடுக்கவில்லை. கரண்ட் போன கையோடு வெளிநாட்டில் இருந்து பார்க்கும் வசதியும் போயிற்று. பதிவாகும் பெட்டியை ரீவிக்குக் கீழே வைத்திருந்தார். கள்ளன் வந்திருந்தால் ரீவியோடு அதையும் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

உங்கள் ஒழுங்கையில் நடந்ததையும் மறக்காதீர்கள். ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனுக்குக் கதவு சென்சர் எதற்கு? உங்கள் வீட்டிலும் குசினிப் பக்கம் ஓட்டுக்கூரை என்றால், ஓட்டுக்குக் கீழே இரும்பு வலை அடிப்பதும், குசினிக்கும் நடு அறைக்கும் இடையில் நல்ல பூட்டோடு ஒரு கதவு போடுவதும் முதல் வேலை. உள்ளே ஆள் நடமாடினால் சைரனை அடிக்கவைக்கும் அசைவு சென்சர் ஒன்று, வெளியில் அசைவுக்கு எரியும் லைற் இரண்டு. இவை கள்ளனுக்குத் தொல்லை கொடுக்கும், உங்களையும் எழுப்பும்.

மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். இங்கே இரவு ஒரு மணி என்றால், அவர் ரொறன்ரோப் பக்கம் இருந்தால் அங்கே பிற்பகல். நீங்கள் உறங்கும் நேரத்தில் விழித்திருக்கும் ஆள் அவர்தான். ஆனால் அவர் பார்த்துவிட்டு யாருக்கு அடிப்பார்? பக்கத்து வீட்டில் இருவரின் இலக்கமும் பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு அழைக்கும் பொறுப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்தக் கமராவுக்கு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் கனடாவில் இருந்து பதறுவதற்குத்தான் உதவும்.

ஆகவே எட்டு வேண்டாம், நான்கு போதும்: கேற், முன்விறாந்தை, குசினிக் கதவு, கிணற்றடி. பக்கத்து வளவைப் பார்க்காதபடி திருப்பச் சொல்லுங்கள், அயலோடு மனக்கசப்பு வந்தால் மேலே சொன்ன ஏற்பாடே கவிழ்ந்துவிடும். பதிவுப் பெட்டி பூட்டிய அலுமாரிக்குள், றவுட்டருக்கும் பற்றரி, கடவுச்சொல்லை நீங்களே மாற்றுவது, இடி மின்னலுக்கு ஒரு சேர்ஜ் புரொடெக்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை வீட்டில் ரீவி எரிந்தது என்று உங்களுக்கே தெரியும். இந்த விபரத்தோடு இன்னும் இரண்டு கடையில் எழுத்தில் விலை வாங்குங்கள். 18 வீத வற் வரி விலைக்குள் இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே திருத்த ஆள் உண்டா என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்தை முதல் வருடம் எடுக்க வேண்டாம், உத்தரவாதக் காலத்தில் அதற்கு என்ன வேலை?

நிலையான வைப்பை உடைக்காதீர்கள். இடையில் உடைத்தால் வங்கி வட்டியைக் குறைத்துத்தான் தரும், மூன்று இலட்சத்துக்காக 15 இலட்சத்தின் வட்டியும் அடிபடும். வலையும் கதவும் இப்போது கைக்காசில் செய்யுங்கள், கமரா நான்கு மாதம் பொறுக்கட்டும். பொறுக்க முடியாது என்று மகன் சொன்னால் அந்தச் செலவை அவரே அனுப்பட்டும், போனில் பார்க்கப்போவதும் அவர்தானே. கேட்கச் சங்கடப்படாதீர்கள். இடையில் ஒன்று: உங்கள் வரிக்குரிய வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், வைப்பு வட்டியில் 10 வீத வரி பிடிக்காதபடி வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டீர்களா?

வீட்டுக் காப்புறுதி எடுக்க நினைத்தால் களவுக்கான பகுதியைக் கவனமாக வாசியுங்கள். நகைக்குத் தனி உச்ச வரம்பு இருக்கும். வீடு பல நாள் தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் இழப்பீடு இல்லை என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. நீங்கள் கொழும்பில் மகளிடம் ஒரு மாதம் போய் நிற்கிறவர் என்றால் அது உங்களைத்தான் குறிக்கும்.

ஐயாவின் நாய்க்கு நான் எதிர்ப்பில்லை. சாப்பாடு, வருடா வருடம் விசர்நாய்த் தடுப்பூசி, அப்புறம் கொழும்புக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஒரு ஆள், இவ்வளவும் உண்டு. அந்த ஆளை இப்போதே பேசி வைத்தால், நீங்கள் இல்லாத நாட்களில் மாலையில் வந்து வெளி லைற்றைப் போடுவதற்கும் அவரே ஆவார்.